பழைய புரோகிராமும் புதிய கம்ப்யூட்டரும்
(சங்கப் பொதுக்குழுக் கூட்டத்தில் பொருளாளர் பேசியது)



வரவு செலவு அறிக்கை உங்கள் கையில் இருக்கிறது. அதைப் படித்து உங்கள் பொறுமையைச் சோதிக்கப் போவதில்லை. அது ஏன் ஆறு வாரம் தாமதமாக வந்தது என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன். தவறு என்னுடையது.

1998இல் சங்கம் முதல் கம்ப்யூட்டர் வாங்கியபோது, பி பிளாக்கில் குடியிருந்த ஒரு தம்பி நமக்காக ஃபாக்ஸ்புரோவில் ஒரு கணக்குப் புரோகிராம் எழுதிக் கொடுத்தார். டாஸில் ஓடுவது. வீட்டு எண்ணை அடித்தால் அந்த வீட்டின் பேரேடு வரும். இன்னொரு பொத்தானைத் தட்டினால் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் கரகரவென்று ரசீது போடும். பைசா பிசகாது. பிறகு அந்தத் தம்பி வெளிநாடு போய்விட்டார். புரோகிராம் நம்மோடு தங்கிவிட்டது.

நான் பொறுப்பேற்றபோது அது ஒரு விண்டோஸ் எக்ஸ்பி மெஷினில் ஓடிக்கொண்டிருந்தது. எக்ஸ்பிக்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவை நிறுத்தியது 2014 ஏப்ரலில். மாற்றிவிடலாம் என்று செயலாளர் இரண்டு கூட்டத்தில் சொன்னார். “இன்டர்நெட்டே இல்லாத மெஷின், வைரஸ் எப்படி சார் வரும்? ஓடுகிற வண்டியை ஏன் நிறுத்துகிறீர்கள்?” என்று நான்தான் வாதாடினேன். வைரஸ் வரவில்லை, உண்மைதான். சென்ற மார்ச் கடைசி வாரம் மதர்போர்டு போய்விட்டது.

ரிச்சி தெருவில் ஒரு நாள் முழுக்க அலைந்தேன். அதற்குப் பொருந்தும் போர்டு கிடைக்கவில்லை. நல்லவேளை, ஹார்டு டிஸ்க் பிழைத்திருந்தது. புதிதாக ஒரு விண்டோஸ் 11 கம்ப்யூட்டர் வாங்கி, கணக்குகளை அப்படியே நகல் எடுத்துப் போட்டோம். புரோகிராமைத் திறந்தால், இது இந்தக் கம்ப்யூட்டரில் ஓடாது என்று ஒரே வரியில் பதில். காரணம் எளியது. விண்டோஸ் 11, 64-பிட்டில் மட்டுமே வருகிறது. டாஸ் புரோகிராம்களை ஓட்டும் பகுதி 64-பிட் விண்டோஸில் கிடையாது. அதுவரை 32-பிட் எக்ஸ்பி அதை இடுப்பில் சுமந்துகொண்டிருந்திருக்கிறது.

அந்த நேரம் பார்த்து சி பிளாக் பெண் ஒருவர் வந்தார். தந்தை காலமான பிறகு வீட்டை விற்கிறார். வாங்குபவரின் வங்கி, நிலுவை இல்லை என்று சான்று கேட்கிறது. 2003இல் லிஃப்டுக்காக வீட்டுக்கு 15,000 ரூபாய் வசூலித்தோம், நினைவிருக்கும். அவர் தந்தை கட்டினாரா? அவர்களிடம் ரசீது இல்லை. நம்மிடம் இருந்த அடிக்கட்டைகள் 2015 டிசம்பர் வெள்ளத்தில் கூழாகிவிட்டன.

ஃபாக்ஸ்புரோவின் கோப்பை லிப்ரே ஆஃபீஸ் திறக்கும் என்று கேள்விப்பட்டுத் திறந்தேன். திறந்தது. 2003 என்று தேடினேன், ஒன்றுமில்லை. 2000க்குப் பிறகு ஒரு ரசீதுகூட இல்லை. டிஸ்க் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டி, “இப்போதைக்குக் கட்டிவிடும்மா, பிறகு கிடைத்தால் திருப்பித் தருகிறோம்” என்றேன். “அப்பா கட்டாமல் இருந்திருக்க மாட்டார் அங்கிள்” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அன்று இரவு எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை.

ஏ பிளாக் கல்லூரி மாணவி ஒருவர்தான் டாஸ்பாக்ஸ் என்ற இலவச மென்பொருளைப் போட்டுக் கொடுத்தார். பழைய விளையாட்டுகளை ஆடுவதற்காக எழுதப்பட்டது அது. புதிய கம்ப்யூட்டருக்குள் ஒரு பழைய கம்ப்யூட்டரைப் போல நடிக்கும். அதில் நம் நீலத் திரை வந்தது. வீட்டு எண்ணை அடித்தேன். 14/06/03, ரூபாய் 15,000, ரசீது எண்ணோடு.

பிறகுதான் புரிந்தது. ஆண்டை இரண்டு இலக்கத்தில் அடித்தால், அந்தப் பழைய ஃபாக்ஸ்புரோ அதை 1900களாக எழுதிக்கொள்ளும். திரையில் 03 என்றுதான் தெரியும். உள்ளே இருந்தது 1903. லிஃப்ட் பணத்தை அந்த மனிதர் வெள்ளைக்காரன் காலத்திலேயே கட்டிவிட்டார்! அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டு, மறுநாளே சான்று கொடுத்தோம்.

வங்கியில் எங்கள் கிளை கோர் பேங்கிங்குக்கு மாறியபோது, பழைய இருப்பு, புதிய இருப்பு இரண்டையும் அச்சிட்டு, பச்சை மையால் ஒவ்வொன்றாக டிக் அடித்தோம். பத்துப் பைசா வித்தியாசத்துக்காக நள்ளிரவு வரை உட்கார்ந்தோம். ஆயிரக்கணக்கான ஊரார் கணக்கைச் சரிபார்க்கத் தெரிந்த எனக்கு, நம் சொந்தக் கணக்கை நேரத்தில் மாற்றத் தோன்றவில்லை. அந்த ஆறு வாரமும் இந்த வேலைதான். தேதிகளைத் திருத்தி, வீடு வாரியாக, ஆண்டு வாரியாகக் கூட்டி, டாஸ்பாக்ஸ் திரையோடு ஒப்பிட்டோம்.

இனி கணக்கு எக்செல்லில். ஆண்டு முடிவில் எந்த மென்பொருளும் படிக்கக்கூடிய சாதாரண எழுத்துக் கோப்பாக ஒரு நகல், காகிதத்தில் ஒரு நகல். இரண்டும் முதல் மாடியில், வேறு வேறு வீடுகளில் இருக்கும். டாஸ்பாக்ஸ் பார்ப்பதற்கு மட்டும். அதில் புதுப் பதிவு கிடையாது.

பதினோரு வீடுகளின் பழைய பாக்கி மட்டும் இன்னும் ஒத்துவரவில்லை. பட்டியல் அறிவிப்புப் பலகையில் இருக்கிறது. 2000 முதல் 2010 வரையிலான ரசீது யார் வீட்டு அலமாரியில் இருந்தாலும், கறை படிந்திருந்தாலும் பரவாயில்லை, ஞாயிறு காலை பத்து மணிக்கு அலுவலகத்துக்குக் கொண்டு வாருங்கள். பச்சை மைப் பேனாவோடு உட்கார்ந்திருப்பேன்.