பொம்மையும் தீர்ப்பும்

கூரிய தொப்பி, கறுப்பு அங்கி, வளைந்த மூக்கு, கையிலே ஒரு துடைப்பம். இவ்வாறு பீங்கானில் வார்த்த சூனியக்காரிப் பொம்மைகளை மேனாட்டார் விரும்பி வாங்கிக் கண்ணாடி அலுமாரியில் வைத்து அழகு பார்க்கின்றனர். அமெரிக்காவிலுள்ள சேலம் நகரம் இத்தகைய நினைவுப் பொருள்களுக்குப் பெயர் பெற்றது. ஆயின், பொம்மைக்குப் பின்னே நிற்கும் வரலாறு அழகியதன்று.

1692ஆம் ஆண்டிலே அங்கு சூனியக் குற்றஞ் சாட்டப்பட்டு 19 பேர் தூக்கிலிடப்பட்டனர். முதலில் உயிரிழந்தவர் பிரிட்ஜெட் பிஷப். அவர் முன்பு குடியிருந்த வீட்டுச் சுவரினுள் ஊசி குத்திய கந்தற் பொம்மைகளைக் கண்டதாக வேலையாட்கள் இருவர் சாட்சி கூறினர். அன்று பொம்மையே சாட்சியமாயிற்று. ரெபெக்கா நர்ஸ் 71 வயது மூதாட்டி. யூரிமார் முதலில் அவரைக் குற்றமற்றவர் என்றனர். மீண்டும் ஆராயுமாறு நீதிமன்றம் பணித்ததும் தீர்ப்பு மாறியது. அவரும் தூக்குமேடை ஏறினார். பீங்கான் பொம்மையின் முகம் அவர் முகமன்று.

ஆராயாது அளித்த தீர்ப்பு தமிழர் அறியாததா? முல்லைத்தீவில் நந்திக்கடலோரத்து வற்றாப்பளையிலே, மதுரையை எரித்த கண்ணகி வந்து பத்தாவதாகத் தங்கினாள் என்பது மரபு. வைகாசிப் பொங்கலில் அங்கே கடல்நீரால் விளக்கெரிக்கின்றனர். அநீதிக்கு ஆளான பெண்ணை வன்னி மக்கள் தெய்வமாக்கினர். மேனாட்டார் விளையாட்டுப் பொருளாக்கினர் என்று பெருமை பேசலாம். அப்பெருமை முற்றும் பொருந்தாது.

அயலிலுள்ள இந்தியாவில், பெண்ணைச் சூனியக்காரி என்று பழிப்பதைத் தடுக்கப் பீகார் மாநிலம் 1999இல் தனிச் சட்டமே இயற்ற நேர்ந்தது. அப்பழிக்கு ஆளாகி அடிபட்ட சுட்னி தேவி பின்னர் தம்மைப் போன்ற பெண்களைக் காத்து நின்றார்; 2021இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். நம் ஊர்களிலும் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால், மாடு செத்தால், ‘யார் செய்த வினை?’ என்று கேட்கும் நாவுகள் உண்டு. அக்கேள்வி பெரும்பாலும் தனித்து வாழும் ஏழைப் பெண்ணின் படலையிலேயே போய் நிற்கும்.

சேலத்தாரும் வாளா இருக்கவில்லை. 1992இல் இறந்தோருக்கு நினைவிடம் அமைத்தனர். தண்டனை விதிக்கப்பட்டும் தூக்கினின்று தப்பிய எலிசபெத் ஜான்சன் என்பவரின் பழி மட்டும் நெடுங்காலம் நீங்காதிருந்தது. ஒரு பாடசாலை மாணவர் பழைய ஏடுகளைப் புரட்டி, அரசுக்கு விண்ணப்பித்து, 2022இல் அதனை நீக்குவித்தனர். 329 ஆண்டுப் பழியைத் துடைத்தவர்கள் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள்.

அலுமாரியில் பொம்மை இருப்பதில் குற்றமில்லை. ‘இவள் யார்?’ என்று குழந்தை கேட்கும்போது, ‘சூனியக்காரி’ என்று சொல்லி அமையாது, ‘வீண்பழி சுமந்த ஒருத்தி’ என்று சொல்வார்களாயின், அதுவே அவ்வீட்டுக்கு ஒரு நல்ல பாடமாகும்.