குடியும் தீர வேண்டும், புண்ணும் ஆற வேண்டும்

(காந்திபுரத்தில் மில் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடிய வகுப்பில் ஆற்றிய உரை)



இன்று நாம் பேசப்போவது குடியைப் பற்றி. "இது சங்கம் பேசுகிற விஷயமா?" என்று சிலர் கேட்கலாம். சனிக்கிழமை வாங்கிய கூலி ஞாயிறு விடிவதற்குள் எங்கே போகிறது என்று நம் வீட்டுப் பெண்களைக் கேளுங்கள், பதில் கிடைக்கும்.

முதலில் நம் தவறு ஒன்றை ஒப்புக்கொள்வோம். சில வருஷங்களுக்கு முன் நம்மிடையே ஒரு தோழர் இருந்தார். வேலைநிறுத்தம் என்றால் முதல் ஆளாக நிற்பார். பொழுது சாய்ந்தால் குடி. மூன்று தடவை கமிட்டியில் கூப்பிட்டுக் கண்டித்தோம். மூன்று தடவையும் சத்தியம் செய்தார், மூன்று தடவையும் மீறினார். நாலாம் தடவை பொறுப்பிலிருந்து நீக்கினோம். கட்டுப்பாட்டைக் காப்பாற்றிவிட்டோம் என்று நினைத்தோம்.

அன்று இரவு அவர் சங்க ஆபீஸ் திண்ணைக்கு வந்தார். "ஏனுங் தோழர், குடிக்காமப் படுத்தா தூக்கம் வாரதில்லீங். கண்ணை மூடுனா பண்ணையக்காரரு சாட்டையோட நிக்கறாருங்" என்றார். அப்பன் வாங்கிய முன்பணத்துக்காக எட்டு வயதில் எருமை மேய்க்கப் பண்ணையத்தில் விடப்பட்டவர் அவர். கன்று ஒன்று கிணற்றில் விழுந்ததற்காக இரவெல்லாம் தொழுவத்தில் கட்டி வைத்து அடிக்கப்பட்டவர். நாற்பது வயதாகியும், இரவானால் அந்தப் பையன் தொழுவத்தில்தான் கிடந்தான். மூன்று கமிட்டியிலும் இதை நாம் கேட்கவில்லை. "இனிமேல் குடிப்பாயா?" என்று மட்டுமே கேட்டோம்.

ஒருவர் கதையா?

தோழர்களே, இது ஒருவர் கதை அல்ல. 1888-ல் கோவையில் முதல் பஞ்சாலை எழுந்தபோது, 7 வயதுக் குழந்தையை நாளுக்கு 9 மணி நேரம் வேலை வாங்கச் சட்டமே இடம் கொடுத்தது. 14 வயது என்ற வரம்பு 1948-ம் வருஷத்து ஃபாக்டரி சட்டத்தில்தான் வந்தது. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976-ல் வந்தது. அதற்குப் பிறகும் 'சுமங்கலித் திட்டம்' என்று அழகான பெயர் வைத்து, கல்யாணச் செலவுக்கு மொத்தப் பணம் தருவதாகச் சொல்லி, இளம் பெண்களை மில் விடுதிகளில் அடைத்து வேலை வாங்கியதை இந்த ஜில்லா பார்த்தது. 2007-ல் மத்திய சர்க்கார் வெளியிட்ட ஆய்வில் 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளை விசாரித்தார்கள். மூன்றில் இரண்டு குழந்தைகள் அடி உதைக்கு ஆளானவர்கள் என்று தெரிந்தது.

அமெரிக்காவில் ஃபெலிட்டி, அண்டா என்ற இரண்டு டாக்டர்களும் அவர்களுடைய சகாக்களும் சுமார் 9,500 பேரை ஆராய்ந்து 1998-ல் முடிவை வெளியிட்டார்கள். வீட்டில் அடி, பாலியல் கொடுமை, தாய் அடிபடுவதைப் பார்த்தல், குடிகாரருடன் வாழ்தல் என்று நான்கு வகைத் துன்பமோ அதற்கு மேலோ சிறுவயதில் பட்டவர்களுக்கு, குடி, போதை, மனச்சோர்வு, தற்கொலை முயற்சி ஆகியவற்றின் ஆபத்து 4 முதல் 12 மடங்கு அதிகம் என்று கண்டார்கள். அங்கே ஆராயப்பட்டவர்களில் பெரும்பாலோர் நம்மைப் போலக் கூலிக்காரர்கள் அல்லர். அவர்களுக்கே அந்தக் கதி என்றால் நம் காலனிகளின் நிலை என்ன?

காரணம் சுலபமானது. ஆபத்து வந்தால் உடம்பு விழித்துக்கொள்கிறது, நெஞ்சு படபடக்கிறது. ஆபத்து போனால் அடங்கிவிடும். தினமும் அடிபடும் குழந்தைக்கு அது அடங்குவதே இல்லை. பெரியவனான பின்னும் ஒரு சத்தம் கேட்டால் உடம்பு துள்ளுகிறது. சாராயம் அதைக் கொஞ்ச நேரம் மழுங்க வைக்கிறது. குடியை மட்டும் பிடுங்கினால் பழைய பயம் முழுப் பலத்தோடு திரும்பி வருகிறது. ஆள் மறுபடி கடைக்கு ஓடுகிறான். ஆகவே இரண்டுக்கும் சேர்த்தே சிகிச்சை வேண்டும்.

ஒன்று சொல்லிவிட வேண்டும். சிறுவயதில் அடிபட்ட எல்லோரும் குடிப்பதில்லை. குடிப்பவர் எல்லோரும் அடிபட்டவரும் அல்லர். பழைய புண்ணைக் காட்டிப் பெண்டாட்டியை அடிக்க எவருக்கும் உரிமை இல்லை. அப்பன் அடிப்பதை மூலையில் நின்று பார்க்கும் குழந்தைக்கு இன்றைக்கே புதிய புண் உண்டாகிறது. அந்தச் சங்கிலியை அறுப்பதுதான் நம் வேலை.

என்ன செய்ய வேண்டும்?

முதலாவது: நெடுநாள் கடுமையாகக் குடித்தவரைத் திடீரென நிறுத்தச் சொல்லி அறையில் பூட்டாதீர்கள். இரண்டு மூன்று நாளில் கை நடுக்கம், வலிப்பு, ஜன்னி வரலாம், உயிரே போகலாம். டாக்டர் மேற்பார்வையில் மருந்தும் வைட்டமின் பி1-ம் கொடுத்துத்தான் நிறுத்த வேண்டும். சோற்றில் தெரியாமல் கலக்கும் மருந்தை நம்பாதீர்கள். தெரியாமல் அதன்மேல் குடித்தால் ஆளைக் கொல்லக் கூடிய மருந்துகள் உண்டு.

இரண்டாவது: அடித்துத் திருத்துவதாகச் சொல்லும் இடங்களில் கொண்டுபோய் விடாதீர்கள். அடியால் வந்த வியாதிக்கு அடியா மருந்து? நோயாளியைச் சங்கிலியால் கட்டுவதை 2017-ம் வருஷத்து மனநலச் சட்டம் தடை செய்கிறது. குடியால் வரும் மனநோய்க்குச் சர்க்கார் சிகிச்சை பெறும் உரிமையும் அதில் உண்டு.

மூன்றாவது: பழைய கதையைக் கிளறாதீர்கள். லிசா நஜாவிட்ஸ் என்ற உளவியலாளர் 2002-ல் நூலாக வெளியிட்ட சிகிச்சை முறை, குடிக்கும் புண்ணுக்கும் ஒரே சமயத்தில் மருந்து தேடுகிறது. முதலில் இன்றைய பாதுகாப்பு: தூக்கம், நம்பிக்கையான துணை, பயம் வரும்போது மனதை நிதானப்படுத்தும் பழக்கம். ஆள் தானாகச் சொன்னால் கேளுங்கள். கேட்டதைத் தெருவில் பேசாதீர்கள்.

இதெல்லாம் ஏழைக்கு நடக்குமா? நடந்திருக்கிறது. குடியால் கணவரை இழந்த சாந்தி ரங்கநாதன் 1980-ல் சென்னையில் போதை நோய்க்குச் சிகிச்சை நிலையம் தொடங்கினார். 1989 முதல் தஞ்சைப் பக்கத்து மஞ்சக்குடியில் கிராமத்திலேயே முகாம் போட்டு, ஊரையும் குடும்பத்தையும் சேர்த்துக்கொண்டு சிகிச்சை செய்தார்கள். கோவா மாநிலத்தில் 10 ஆரம்ப சுகாதார நிலையங்களில், டாக்டர் அல்லாத சாதாரண ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்துக் குடிப்பவர்களிடம் பேச வைத்தார்கள். 2017-ல் வெளியான முடிவின்படி, மூன்று மாதத்தில் அப்படிப் பேசப்பட்டவர்களில் நூற்றுக்கு 36 பேர் தேறினார்கள். மற்றவர்களில் 26 பேர். அதிகபட்சம் நாலு தடவைப் பேச்சு, அவ்வளவுதான்!

ஆனால் நாட்டின் நிலை என்ன? 2019-ல் வெளியான மத்திய சர்க்கார் ஆய்வின்படி, குடிக்கு அடிமையான 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதாவது ஒரு சிகிச்சை கிடைக்கிறது. 2023-24-ல் டாஸ்மாக் மூலம் தமிழக சர்க்காருக்கு வந்த வருமானமோ 45,000 கோடி ரூபாய்க்கு மேல். 2025-ல் 25 இடங்களில் 'கலங்கரை' என்ற சிகிச்சை நிலையங்களைத் திறந்தார்கள், நல்லது, வரவேற்போம். ஒவ்வொரு தாலுகா ஆஸ்பத்திரியிலும் படுக்கையும், மனநல ஆலோசகரும் வேண்டும் என்று கேட்போம். சிகிச்சைக்குப் போகிறவருக்குச் சம்பளத்தோடு லீவும், திரும்பி வரும்போது அதே வேலையும் வேண்டும் என்று மில்களிடம் கேட்போம்.

அந்தத் தோழர் என்ன ஆனார் என்று கேட்பீர்கள். மறுநாள் இரண்டு பேர் கூடப் போய் சர்க்கார் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். வெளியே வந்தபின் இரண்டு தடவை வழுக்கினார். அந்த இரண்டு தடவையும் நாம் சத்தியம் கேட்கவில்லை. கூடப் போய் மறுபடி டாக்டரிடம் காட்டினோம். இன்று ராத்திரியில் தூங்குகிறார். அவர் மகன் பள்ளிக்கூடம் போகிறான். அந்தப் பையன்மேல் இதுவரை கை விழுந்ததில்லை.

தோழர்களே, நாளை உங்கள் ஷிப்டில், உங்கள் வயல் வரப்பில் அப்படி ஒருவர் இருப்பார். திட்டுவதற்கு முன், "ராத்திரி தூக்கம் வருதுங்களா?" என்று கேளுங்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணுக்குக் காசில்லாமல் பேசலாம். அடுத்த நாள் கூலி போனாலும் பரவாயில்லை என்று ஆஸ்பத்திரிக்கு அவருடன் போக இரண்டு பேர் வேண்டும். யார் யார் வருகிறீர்கள்? கூட்டம் முடிந்ததும் பெயர் கொடுத்துவிட்டுப் போங்கள்.