மூணு வட்டியும் முப்பது வருஷ உழைப்பும்

("குடும்பம் கடனில் சிக்கப் பெரிதும் காரணம் வருமானக் குறைவா? கணக்கில்லாமையா?" என்ற பட்டிமன்றத்தில் 'கணக்கில்லாமையே' என்ற அணியில் பேசியது)

     

எனக்கு முன்னால் பேசிய அண்ணன் ரொம்ப உருக்கமாகப் பேசிவிட்டுப் போனார். "வருமானமே இல்லாதவன் எதை வைத்துக் கணக்குப் போடுவான்? காலிப் பானையில் எதை அளப்பது?" என்று கேட்டார். நீங்கள் எல்லாரும் கை தட்டினீர்கள். நானும் தட்டினேன். எதிரணி என்பதே மறந்து போச்சு ஐயா! (சிரிப்பு)

ஒன்றை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். நாள் கூலிக்குப் போய், அந்தக் கூலி ஒரு வேளைச் சோற்றுக்கும் போதாதவரிடம் 'சேமிங்க'ன்னு சொல்ற பாவத்தை நான் செய்ய மாட்டேன். அவருக்கு வேண்டியது கூலி, உபதேசம் இல்லை. ஆனால் மாசம் பிறந்தால் சம்பளம் வருகிற வீடு இருக்கிறதே, அங்கே கடன் எந்த வாசல் வழியாக நுழைகிறது? அதுதான் ஐயா என் கேள்வி.

நம்ம ஊர்ல வட்டிக்கு ஒரு தந்திரமான பேரு வச்சிருக்கோம். 'மூணு வட்டி'ங்கிறோம். காதுக்கு எவ்வளவு சின்னதா இருக்கு! நூற்றுக்கு மாசம் 3 ரூபாய். வருஷத்துக்கு 36 ரூபாய். 'முப்பத்தாறு வட்டிக்கு வாங்கினேன்'னு யாராவது சொல்லிக் கேட்டிருக்கீங்களா? சொன்னா வாங்க மாட்டோமே!

கடைத்தெருவில் தண்டல் என்று ஒன்று உண்டு. 10,000 ரூபாய் கடன். கையில் கொடுப்பது 9,000. தினம் 100 ரூபாயாக 100 நாள் கட்ட வேண்டும். 'ஆயிரம் ரூபாய்தானே, பத்து சதவீதம்தானே' என்று நினைக்கிறோம். இல்லை ஐயா. தினமும் நூறு நூறாகத் திருப்பிக் கொண்டே இருக்கிறோம். சராசரியாக நம் கையில் இருந்த கடன் 4,500 ரூபாய்தான். அந்த 4,500-க்கு 100 நாளில் 1,000 ரூபாய் வட்டி. வருஷக் கணக்கில் ஏறத்தாழ 80 சதவீதம்!

அதிக வட்டிக் கொடுமையைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003-ல் சட்டமே வந்தது. சட்டம் வாசலில் வந்து மிரட்டுகிறவரைப் பிடிக்கும். கையெழுத்துப் போடத் துடிக்கிற நம்ம கையை யார் ஐயா பிடிப்பது? (கைதட்டல்)

இன்றைக்கு வட்டிக்காரர் மீசையோடு வருவதில்லை. கிரெடிட் கார்டாகச் சட்டைப் பைக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறார். 'குறைந்தபட்சத் தொகை கட்டினால் போதும்'னு பில்லில் அச்சடித்து வருது. அதை மட்டும் கட்டினால், மீதிக்குப் பல கார்டுகளில் மாசம் மூணு, மூணரை சதவீதம் வட்டி. அதாவது எங்க தாத்தா காலத்து அதே மூணு வட்டி! பேரு இங்கிலீஷில் இருப்பதால் கௌரவமாகக் கட்டிக்கொண்டிருக்கிறோம். (சிரிப்பு)

எதிரணி அண்ணன் கேட்பார்: "வருமானம் கூடினால் இதெல்லாம் தீர்ந்துவிடாதா?" நல்ல கேள்வி. அதற்கு என் வீட்டைத்தான் சாட்சிக்கு அழைக்க வேண்டும். மேடையில் இதுவரை நான் சொன்னதில்லை.

எங்க அப்பா ஒரு நூற்பாலைத் தொழிலாளி. முப்பது வருஷம் பஞ்சு தூசிக்குள் நின்று, 1995-ல் ஓய்வு பெற்றார். கிராஜுவிட்டி என்றால் என்ன தெரியுமா? ஒரு வருஷ உழைப்புக்கு 15 நாள் சம்பளம். அன்றைக்கு இருந்த 1972-ஆம் வருஷச் சட்டம் அப்படி. அப்பாவுக்கு அதுவும் பி.எஃப். பணமும் சேர்த்து 2 லட்ச ரூபாய் வந்தது. எங்க தெருவில் யாரும் அவ்வளவு பணத்தை மொத்தமாகப் பார்த்ததில்லை.

அப்போது வீட்டில் ஒரு கடன் இருந்தது. அக்கா கல்யாணத்துக்கு வாங்கிய 60,000. மூணு வட்டி. மாசம் 1,800 வட்டிக்கே போகும். அசல் அப்படியே நிற்கும்.

பணம் வந்தது சனிக்கிழமை. ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டு வாசலில் எங்க செருப்பைத் தேடினோம். அவ்வளவு சொந்தக்காரர்கள்! (சிரிப்பு) ஒருத்தருக்குக் கைமாத்து. ஒருத்தருக்கு முறை செய்ய வேண்டியிருந்தது. கலர் டிவி ஒன்று வந்தது. ஐம்பதாயிரம் போன இடம் தெரியவில்லை. மீதி ஒன்றரை லட்சத்துக்கு ஒரு பெரியவர் வழி சொன்னார். "தனியார் ஃபைனான்ஸ் கம்பெனி ஒண்ணு இருக்கு. 24 சதவீதம் வட்டி. மாசம் 3,000 வீடு தேடி வரும். அதுல 1,800-ஐக் கடனுக்கு வட்டி கட்டிட்டு, மிச்சம் 1,200-ஐ வச்சுக்கோ. முதல் பத்திரமா இருக்கும்."

எவ்வளவு அழகான கணக்கு பார்த்தீர்களா? அப்பா மயங்கிவிட்டார்.

நடுவர் ஐயா, இப்போது நான் போடுகிற கணக்கைக் கொஞ்சம் கவனியுங்கள். அந்தக் கம்பெனி யோக்கியமான கம்பெனி என்றே வைத்துக்கொள்வோம். கடனுக்கு ஈடான 60,000 ரூபாய்க்கு அது கொடுப்பது வருஷம் 14,400. அதே 60,000-க்கு அப்பா கடன்காரருக்குக் கட்டுவது 21,600. வருஷம் 7,200 ரூபாய் நஷ்டத்துக்கு ஒரு முதலீடு! அந்தப் பணத்தில் கடனை அடைத்திருந்தால், 36 சதவீதம் வட்டி கிடைத்த மாதிரி. ஓடிப் போகாத வட்டி. கடனை அடைப்பதைவிட லாபமான, பத்திரமான முதலீடு அன்றைக்கு இந்த நாட்டில் எந்தக் கம்பெனியிலும் இல்லை ஐயா! (பலத்த கைதட்டல்)

பதினோரு மாசம் வட்டி வந்தது. 33,000 ரூபாய். பன்னிரண்டாவது மாசம் அப்பா போனார். கம்பெனிக் கதவில் பூட்டு. அப்பாவைப் போல எத்தனையோ பேர் வாசலில் நின்றார்கள். அந்தக் காலத்தில் இப்படிப் பல கம்பெனிகள் மூடின. அதனால்தான் 1997-ல் முதலீட்டாளர்களைப் பாதுகாக்கத் தமிழ்நாட்டில் தனிச் சட்டம் வந்தது. சட்டம் வந்தது, எங்க பணம் வரவில்லை.

அன்றைக்கு அப்பா வீட்டுக்கு வந்து ஒரு வார்த்தை பேசவில்லை. திண்ணையில் உட்கார்ந்தவர் சாப்பிடக் கூட எழுந்திருக்கவில்லை. மூன்றாவது நாள் அம்மா கழுத்திலிருந்த ரெட்டை வடச் சங்கிலியைக் கழற்றினாங்க. பீரோவிலிருந்த வளையலையும் எடுத்தாங்க. "அடகு வேண்டாங்க, அதுக்கு ஒரு வட்டி கட்டணும். வித்துடுங்க. கடனை முடிச்சுட்டு வாங்க"ன்னாங்க. எட்டாவது வரை படித்தவர்கள் ஐயா எங்க அம்மா. எங்க வீட்டில் முதல் முதலாகச் சரியாகப் போட்ட கணக்கு அதுதான். சங்கிலி போன அன்றைக்கு அம்மா அழவில்லை. அடைத்துவிட்டு வந்த பத்திரத்தைக் கிழித்தபோதுதான் அழுதாங்க.

அப்புறம் அப்பா ஒரு அரிசி மண்டியில் கணக்கெழுதப் போனார். பழைய சம்பளத்தில் பாதி கூட இல்லை. ஆனால் தினமும் ராத்திரி சாப்பிட்டதும் ஒரு நாற்பது பக்க நோட்டில் அன்றைய செலவை எழுதுவார். காபித்தூள் முதல் பஸ் டிக்கெட் வரை. அதற்குப் பிறகு அவர் கண் மூடும் வரைக்கும் எங்கள் வீட்டில் கடன் இல்லை.

எதிரணி அண்ணனே! அதே வீடு, அதே மனிதர்கள். வருமானம் கூடுதலாக இருந்தபோது கடன் இருந்தது. கையில் 2 லட்சம் இருந்தபோதும் கடன் இருந்தது. வருமானம் பாதியானபோது கடன் இல்லை. இப்போது சொல்லுங்கள், காரணம் வருமானமா? கணக்கா? (பலத்த கைதட்டல்)

வள்ளுவர், வரவு சிறிதாக இருந்தாலும் கேடில்லை, செலவின் வழி அகலாமல் இருந்தால் போதும் என்கிறார். எந்த அதிகாரத்தில் சொல்கிறார் தெரியுமா? வலியறிதலில்! படையெடுக்கும் அரசன் தன் பலத்தை அளக்க வேண்டிய இடத்தில் வரவு செலவைச் சொல்கிறார். கணக்குத் தெரிந்திருப்பதும் ஒரு பலம் என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது.

தமிழ்நாட்டில் 2003-ல் லாட்டரியை ஒழித்துவிட்டார்கள். ஆனால் அநேகமாக எல்லார் வீட்டிலும் ஒரு நாள் லாட்டரி விழும். ஓய்வுப் பணம், நிலம் விற்ற பணம், இன்சூரன்ஸ் பணம். தாய்மார்களே, அன்றைக்கு நாலே விஷயம் ஞாபகம் வையுங்கள். ஒன்று, ஊருக்குச் சொல்லாதீர்கள். இரண்டு, வரி உண்டா என்று கேட்டு, உண்டானால் அதைத் தனியே எடுத்து வையுங்கள். மூன்று, கடன்களை வட்டியோடு ஒரு தாளில் எழுதி, வட்டி அதிகமானதை முதலில் அடையுங்கள். நான்கு, மீதியை ஆறு மாசம் வங்கியிலோ தபால் ஆபீசிலோ சும்மா போட்டு வையுங்கள். 2020 முதல் ஒரு வங்கியில் ஒருவருக்கு 5 லட்சம் வரை காப்பீடு இருக்கிறது. தெருவில் சீட்டுக் கொடுக்கிற கம்பெனிக்கு அது கிடையாது. ஆறு மாசம் கழித்து யோசியுங்கள். அவசரப்படுத்துகிறவர் யாராக இருந்தாலும், அவர் அவசரம் நம்ம நன்மைக்காக இல்லை.

திடீர்ப் பணம் வராத வீட்டுக்கும் இதே தாள்தான். எல்லாக் கடனுக்கும் கட்ட வேண்டியதைக் கட்டிவிட்டு, மிஞ்சுகிற நூறோ இருநூறோ வட்டி அதிகமான கடனின் அசலில் போய் விழட்டும். அது முடிந்ததும் அதற்குக் கட்டிய பணத்தை அடுத்த கடனுக்குத் திருப்புங்கள். மூணு வட்டியை முடிக்க வங்கியில் குறைந்த வட்டிக்கு நகைக்கடன் வாங்கினால் அது புத்திசாலித்தனம். அந்த நகைக்கடனில் டிவி வாங்கினால், மறுபடியும் எங்க வீட்டுக் கதைதான்!

எங்க அப்பாவின் அந்த நாற்பது பக்க நோட்டுகள் இன்னும் என்னிடம் இருக்கின்றன. கடைசி நோட்டில் கடைசி வரி: 'பால் 9 ரூபாய். பாக்கி இல்லை.' அப்பா எனக்கு நிலம் வைக்கவில்லை, நகை வைக்கவில்லை. 'பாக்கி இல்லை' என்ற இரண்டு வார்த்தையை வைத்துவிட்டுப் போனார். அதைவிடப் பெரிய சொத்து எது ஐயா?

ஆகவே, குடும்பத்தைக் கடனில் தள்ளுவது பெரிதும் கணக்கில்லாமையே என்று நல்ல தீர்ப்பு வழங்குமாறு நடுவர் ஐயா அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.  (பலத்த கைதட்டல்)