கைப்பேசிப் புகழ் பிழைப்பாகுமா?

(முத்தாபுதுப்பேட்டையில் நடந்த இளைஞர் - வியாபாரிகள் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

  

"அத்தா, நான் இன்ஃப்ளூயன்சர் ஆகப் போகிறேன்" என்று பிள்ளை சொல்கிறான். அத்தாவுக்கு அந்தச் சொல்லே விளங்கவில்லை. காய்ச்சல் பெயரோ என்று நினைத்துக்கொள்கிறார்! கைப்பேசியில் முகம் காட்டி, பின்தொடர ஒரு கூட்டத்தைச் சேர்த்து, அந்தக் கூட்டத்தைக் காட்டிக் கடைக்காரரிடம் கூலி வாங்கும் தொழில் அது. இந்தத் தொழிலை நம்பி நம் பிள்ளைகள் படிப்பையும் கடையையும் விடலாமா என்பதே இன்றைய கேள்வி.

இளைஞர்களின் நியாயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். அவர்களைத் திட்டிவிட்டுப் போவது எளிது. இந்த ஆவடி வட்டாரத்தில் டேங்க் பேக்டரியிலும் கிளாத்திங் பேக்டரியிலும் வேலை கிடைத்தால் ஒரு குடும்பமே கரையேறிய காலம் உண்டு. 2021 அக்டோபரில் அந்தத் தொழிற்சாலைகளே அரசுத் துறை என்ற நிலையிலிருந்து கம்பெனிகளாக மாற்றப்பட்டன. தனியாரிடம் போனால் விண்ணப்பத்தில் பெயரைப் பார்த்ததும் முகம் மாறுகிறது. கைப்பேசியோ பெயர் கேட்பதில்லை, சிபாரிசு கேட்பதில்லை. அதனிடம் போகிறேன் என்று ஒரு முஸ்லிம் இளைஞன் சொன்னால் அவனை முட்டாள் என்று எப்படிச் சொல்வது?

ஆனால் சகோதரனே, நீ திறக்கும் அந்தக் கடை யாருடைய இடத்தில் இருக்கிறது? டிக்டாக்கை நினைத்துப் பார். 2019 ஏப்ரலில் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அதைத் தடை செய்யச் சொன்னது. அதே மாதத்திலேயே தடை நீங்கியது. 2020 ஜூன் 29 அன்று மத்திய அரசு 59 செயலிகளை ஒரே உத்தரவில் மூடியது. டிக்டாக்கும் அதில் ஒன்று. இந்தியாவில் சுமார் 20 கோடிப் பேர் புழங்கிய சந்தை ஒரே இரவில் காணாமல் போயிற்று! லட்சம் பேர் பின்தொடர்ந்தவனும் மறுநாள் காலை வெறும் ஆள். வாடகைக் கடைக்காரனுக்காவது காலி செய்ய மூன்று மாத அவகாசம் உண்டு.

யூடியூபில் விளம்பரப் பங்கு வாங்க ஆயிரம் சந்தாதாரர் வேண்டும். ஓராண்டில் நாலாயிரம் மணி நேரம் மக்கள் உன்னைப் பார்த்திருக்க வேண்டும். இல்லையேல் குறுங்காணொளிகள் 90 நாட்களில் ஒரு கோடி முறை பார்க்கப்பட வேண்டும். நீளமான காணொளி என்றால் விளம்பர வருமானத்தில் 55 சதவீதம் உனக்கு. குறுங்காணொளிக்கு உன் பங்கு 45 சதவீதம்தான். அந்த விகிதத்தை நிர்ணயிப்பது நீ அல்ல. நாளை மாற்றினாலும் உன்னைக் கேட்க மாட்டார்கள்.

பணம் நிச்சயமில்லை என்பது எல்லாத் தொழிலுக்கும் உள்ளதுதான். வியாபாரிகளுக்கு அதை நான் சொல்லித்தரத் தேவையில்லை. என் கவலை வேறு. இந்தத் தொழிலில் விற்கப்படும் சரக்கு என்ன?

ஏலத்தில் ஒரு மோசடி உண்டு. வாங்கும் எண்ணமே இல்லாத ஒருவன், விற்பவனோடு கூட்டு வைத்துக்கொண்டு, விலையை ஏற்றிக் கேட்பான். அதை நம்பி ஏமாளி ஒருவன் மேலே கேட்டு மாட்டிக்கொள்வான். மண்டிகளில் பழகியவர்களுக்கு இது தெரியும். இதற்கு ‘நஜஷ்’ என்று பெயர். நபி (ஸல்) அவர்கள் இதைத் தடுத்ததை இப்னு உமர் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. பொருளைப் பொய்யாகப் புகழ்ந்து பிறரைத் தூண்டுவதையும் இதில் சேர்த்துப் பேசிய ஃபிக்ஹு அறிஞர்கள் உண்டு.

இப்போது சொல்லுங்கள்! ஒரு கடையில் இலவசமாகத் தின்றுவிட்டு, கையில் கவரும் வாங்கிக்கொண்டு, "மச்சி, வேற லெவல்!" என்று கண்ணை மூடி ரசிப்பவன் செய்வது என்ன? காசு கொடுத்து அவன் ஒரு நாளும் அந்தக் கடைக்குப் போக மாட்டான். அவன் பேச்சை நம்பி, பூந்தமல்லியிலிருந்து பிள்ளைகுட்டிகளோடு ஒருவர் வண்டி கட்டி வருகிறார். இது நஜஷின் தம்பி இல்லையா?

தரகுத் தொழில் கூடாதா என்று கேட்கலாம். தாராளமாகக் கூடும். தரகன் தன்னைத் தரகன் என்று சொல்லிக்கொண்டு வருகிறான். அவன் கமிஷன் இரண்டு தரப்புக்கும் தெரியும். இவனோ வாடிக்கையாளனின் வேடத்தில் வரும் தரகன். அந்த வேடம்தான் கோளாறு. நாட்டின் சட்டமும் இன்று இதையேதான் கேட்கிறது. காசோ பொருளோ வாங்கிக்கொண்டு பேசினால் ‘விளம்பரம்’ என்று தெளிவாகக் காட்ட வேண்டும் என 2023 ஜனவரியில் மத்திய அரசு வழிகாட்டு நெறி வெளியிட்டது. ஏமாற்று விளம்பரம் என்று நிரூபணமானால் 2019 ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முதல் முறை 10 லட்சம் ரூபாய் வரை அபராதம். மறுபடியும் செய்தால் 50 லட்சம் வரை.

பங்குச் சந்தை ஆலோசனை என்று கூட்டம் சேர்த்த நஸீருத்தீன் அன்சாரி என்பவரிடமிருந்து 17 கோடி ரூபாய்க்கு மேல் முடக்கச் சொல்லி 2023 அக்டோபரில் செபி உத்தரவிட்டது. பெயரைக் கவனித்தீர்களா? செய்தி வந்ததும் எத்தனை பேர் பெயரை மட்டும் படித்தார்கள் என்பதும் உங்களுக்குத் தெரியும்.

கூட்டம் சேர்ந்த பின் அதைக் காப்பாற்ற வேண்டுமே! பைக்கில் புகழ் பெற்ற டி.டி.எஃப். வாசன், 2023 செப்டம்பரில் காஞ்சிபுரம் அருகே பெங்களூர் நெடுஞ்சாலையில் முன்சக்கரத்தைத் தூக்கப் போய் விழுந்தார். கை முறிந்தது, கைதானார், ஓட்டுநர் உரிமம் பத்தாண்டுகளுக்குப் போயிற்று. அவரைப் பார்த்துப் பைக் கேட்டு வீட்டில் சண்டை போட்ட பிள்ளைகள் நம் தெருக்களிலும் உண்டு.

நம் சமுதாயத்துப் பிள்ளை இர்ஃபானை எடுத்துக்கொள்ளுங்கள். உழைத்து மேலே வந்தவர், பொறாமையால் பேசவில்லை. 2024 மே மாதம் பிறக்கப்போகும் குழந்தை ஆணா பெண்ணா என்று காணொளி போட்டார். சுகாதாரத் துறை நோட்டீஸ் அனுப்பியது. அதே ஆண்டு அக்டோபரில், பிரசவ அறையில் தொப்புள் கொடி வெட்டும் காட்சி வெளிவந்தது. 2025 ரமளானில் காரில் இருந்தபடி ஏழைகளுக்கு உடையும் பணமும் கொடுத்ததைப் படம்பிடித்து வெளியிட, வாங்க வந்தவர்களைப் பற்றிப் பேசிய பேச்சுக்காக ஊரே கண்டித்தது; மன்னிப்புக் கேட்டார். அவரைத் தூற்றுவது என் நோக்கமல்ல. கர்ப்பம், பிரசவம், ஸதகா என்று ஒரு மனிதன் மூடிவைக்க வேண்டிய ஒவ்வொன்றையும் திறந்து காட்டச் சொல்லும் தொழில் எப்படிப்பட்ட தொழில்? மனிதர் பார்க்க வேண்டும் என்று கொடுப்பவனின் தர்மம், பாறைமேல் படிந்த மண் மழையில் கழுவப்பட்டுப் போவதுபோல் போய்விடும் என்று அல்பகரா அத்தியாயத்தின் 264 ஆவது வசனம் எச்சரிக்கிறது. வாங்கியவரின் முகம் மட்டும் கைப்பேசிகளில் நின்றுவிடுகிறது. அந்தத் தாயின் மகன் நாளை அதைப் பார்க்க மாட்டானா?

அப்படியானால் கேமராவை உடைத்துவிடலாமா? வேண்டாம்! புதுக்கோட்டை மாவட்டத்தின் சின்னவீரமங்கலத்தைப் பாருங்கள். ஒரு தாத்தாவும் பேரன்மாரும் வயல்வெளியில் சமைத்துக் காட்டினார்கள். 2021இல் ஒரு கோடி சந்தாதாரர்களைத் தொட்டார்கள்; முதலமைச்சர் நிவாரண நிதிக்குப் பத்து லட்சம் கொடுத்தார்கள். கையில் சமையல் இருந்தது, பிறகு கேமரா வந்தது. தையல் தெரிந்தவன் தையலைக் காட்டட்டும். மெக்கானிக் என்ஜினைப் பிரித்துக் காட்டட்டும். நாளை செயலியை மூடினாலும் அவன் கையில் ஸ்பேனர் இருக்கும்.

இளைஞனே, 2007இல் கிடைத்த 3.5 சதவீத இடஒதுக்கீடு எத்தனை மாநாடுகள், எத்தனை மறியல்களுக்குப் பின் வந்தது என்று உன் அத்தாவைக் கேள். அந்த இடத்தில் போய் உட்கார ஆள் வேண்டும். பட்டத்தை முடி, மாலையில் காணொளி எடு, யார் தடுத்தது?

வியாபாரிகளுக்கும் ஒரு வார்த்தை. பையனை அழைத்துக் கடையைப் படம் எடுக்கச் சொல்லி, ஒரு பிரியாணிப் பொட்டலத்தோடு அனுப்புகிறீர்கள். அது கூலி ஆகாது! அவன் உழைப்புக்கு மாதம் இவ்வளவு என்று பேசுங்கள். கடனை எழுதிக்கொள்ளச் சொன்ன மார்க்கம் நம்முடையது. இதையும் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திடுங்கள். ‘இது விளம்பரம்’ என்று காணொளியில் போட வேண்டும், கடையில் இல்லாத தரத்தைச் சொல்லக் கூடாது என்ற இரண்டு நிபந்தனைகளும் அந்தத் தாளில் இருக்கட்டும். மாதிரி ஒப்பந்தம் ஒன்று தயாரித்து வைத்திருக்கிறோம்; கூட்டம் முடிந்ததும் வாசலில் வாங்கிக்கொள்ளலாம்.