நிறுத்திய கையை மீண்டும் நீட்டுவோம்



ஐம்பது ஆண்டுகள் ஒன்றாக இருந்தவர்களுக்குள் மனத்தாங்கல் வராமல் இருக்குமா? கூட்டத்தில் ஒரு சொல் தடித்துவிடுகிறது. மறுமாதம் சந்தா நிற்கிறது. நோன்புக் கஞ்சிக்குக் கொடுத்த அரிசியும், பிள்ளைகளின் படிப்புதவியும் நிற்கின்றன. நாமும் அப்படிச் செய்திருக்கிறோம்.

அபூபக்ர் (ரலி) அவர்கள் தம் ஏழை உறவினர் மிஸ்தஹ் (ரலி) அவர்களின் செலவுக்குக் கொடுத்து வந்தார்கள். அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள்மீது எழுந்த அவதூறில் மிஸ்தஹும் சேர்ந்துகொண்டார். பெற்ற மனம் பொறுக்குமா? இனி கொடுப்பதில்லை என்று சத்தியமே செய்துவிட்டார்கள். அப்போது சூரத்துந் நூரின் 22ஆம் வசனம் இறங்கியது. பிறரை மன்னிக்காமல் அல்லாஹ்வின் மன்னிப்பை மட்டும் எதிர்பார்க்கலாமா என்று நம்மையும் சிந்திக்க வைக்கும் வசனம் அது. அபூபக்ர் (ரலி) அவர்கள் அந்த உதவியை உடனே மீண்டும் தொடங்கினார்கள். இனி நிறுத்துவதில்லை என்றும் உறுதி கூறினார்கள்.

அவர்களுடைய கோபத்தில் நியாயம் இருந்தது. ஆனாலும், தவறு செய்தவருக்கே உதவி திரும்பியது. நாமோ ஒருவர்மீதுள்ள கோபத்தில், தவறே செய்யாத பிள்ளையின் படிப்பில் கை வைக்கிறோம்!

கோபத்தை விட்டுவிட்டோம் என்று வாயால் சொன்னால் போதாது. நின்றுபோன உதவி இந்தப் பொன்விழா ஆண்டிலேயே மீண்டும் தொடங்கட்டும். முதல் சலாமும் நம்முடையதாக இருக்கட்டும். அல்லாஹ் அருள்புரிவானாக, ஆமீன். வஸ்ஸலாம்.