கல்லில் இருக்கிற பெயர்



சத்தீஸ்கர் மாநிலம் சர்குஜா மாவட்டத்தில் ராம்கர் மலை. அதில் சீதாபெங்கா குகை. உள்ளே சுவரையொட்டிக் கல்லிலேயே வெட்டிய இருக்கைகள். இது 2000 ஆண்டுக்கு முந்தைய நாடக அரங்கு என்று 1904இல் பிளாக் என்ற ஆய்வாளர் எழுதினார். இன்றும் வருஷாவருஷம் ராம்கரில் விழா. ஆட்டமும் பாட்டும் உண்டு.

பக்கத்து ஜோகிமாரா குகையில் பிராமி எழுத்தில் இரண்டு பெயர்: சுதனுகா என்ற தேவதாசி, அவளை நேசித்த தேவதின்னன். ராஜா பெயர் கிடையாது.

நம்ம கணியம்பாடிப் பக்கம் பகலெல்லாம் டேனரியில் தோலோடு கிடந்துட்டு, ராத்திரி வேஷங்கட்டி விடியவிடிய ஆடினாங்களே, அவங்க பெயர் எங்கே? பேங்கில் நான் தினமும் பெயர் எழுதுறேன், கடன் கணக்கில்.

கல் வேண்டாம். ஒரு நோட்டு போதும். வாத்தியார், மேளக்காரர், பெண்வேஷக்காரர்... கேட்டு எழுதுங்க, அவங்க இருக்கும்போதே.