நாளைக்கு எந்தப் பேருந்து?



கோஸ்டா ரிக்காவின் தலைநகரான சான் ஹோசேயில் இறங்கி, பேருந்து நிலையம் எங்கே என்று ஒருவர் விசாரித்தால் நேரான பதில் கிடைக்காது. எந்த ஊருக்குப் போக வேண்டும் என்ற கேள்விதான் திரும்பி வரும். வெளியூர்ப் பேருந்துகள் எல்லாம் வந்து சேரும் ஒரே பெரிய நிலையம் அந்த நகரத்தில் கிடையாது. ஒவ்வொரு திசைக்கும், சில நேரம் ஒவ்வொரு கம்பெனிக்கும், தனித்தனி நிலையம். மேகக் காடுகளுக்குப் பேர்போன மோன்டெவெர்டேக்கும், எரிமலை அடிவாரத்து லா ஃபோர்டூனாவுக்கும் போகிறவர் நகரின் வடமேற்கே 7-10 என்ற நிலையத்தைத் தேடிப் போக வேண்டும். பசிபிக் கரையில் உள்ள கெபோஸுக்கோ, தெற்கே பனாமா எல்லைக்கோ போகிறவருக்குத் தென்பக்கம் டிராகோபா நிலையம். புன்டாரெனாஸ் துறைமுகத்துக்கு வேறோர் இடம். எல்லை தாண்டி மனாகுவாவுக்குப் போகும் டிகா பஸ்ஸுக்கு இன்னோர் இடம்.

மலிவான ஹாஸ்டல் தேடும் பயணி இணையத்தில் முதலில் பார்ப்பது வாடகை. அடுத்து, மற்றவர்கள் போட்ட மதிப்பெண். அப்புறம், காலை உணவு இலவசமா என்பது. சான் ஹோசேயில் இந்த மூன்றையும் சற்றுத் தள்ளி வைப்பதே நல்லது. முதுகுப்பையோடு வருகிறவர்களில் பெரும்பாலோர் இந்த ஊருக்காக வருவதில்லை. காடு, கடல், எரிமலை என்று எங்கோ போகும் வழியில், வந்திறங்கிய இரவு ஒன்று, நாடு திரும்புவதற்கு முந்திய இரவு ஒன்று இங்கே தங்குகிறார்கள். ஆகவே அவர்கள் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்விகள் இரண்டு. ஊருக்குள் எத்தனை மணிக்கு வந்து சேர்வோம்? மறுநாள் எந்த நிலையத்தில், எத்தனை மணிக்குப் பேருந்து? இவற்றுக்கு விடை எழுதி வைத்துக்கொண்டு வரைபடத்தைத் திறந்தால், கண்முன் விரியும் நீண்ட பட்டியல் நான்கைந்து விடுதிகளாகச் சுருங்கிவிடும்.

மணிக்கணக்கு ஏன் அவ்வளவு முக்கியம்? பூமத்திய ரேகைக்குப் பத்து டிகிரி வடக்கே இருக்கிற ஊர் அது. ஆண்டு முழுவதும் மாலை ஐந்தேகாலுக்கும் ஆறு மணிக்கும் இடையில் சூரியன் மறைந்துவிடும். மே முதல் நவம்பர் வரை மழைக்காலம். காலையில் வெயில் அடிக்கும், பிற்பகலில் கொட்டும். அக்டோபரில் மாலை நான்கு மணிக்கு விமானம் இறங்கினால், பாஸ்போர்ட் சோதனை முடிந்து, பெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே வரும்போது மழையும் இருட்டும் சேர்ந்தே காத்திருக்கும். அந்த வேளையில் நகர மையத்தில் பேருந்தை விட்டு இறங்கி, கைப்பேசி வெளிச்சத்தில் தெருத்தெருவாக விடுதி தேடக் கூடாது. பகலில் வருகிறவருக்கோ அதே பேருந்தைவிட நல்ல வழி இல்லை. ஆலஹுவேலாவிலிருந்து சான் ஹோசேக்குப் போகும் பேருந்து விமான நிலையத்துக்கு வெளியே சாலையிலேயே நிற்கும். லா மெர்செட் பூங்கா அருகே இறக்கிவிடும். கட்டணம் மிகக் குறைவு. டாக்சிக்கோ 30 டாலர் அளவுக்கு ஆகும். படுக்கைக்கு ஐந்து டாலர் மிச்சம் பிடிக்கிறவர், வந்து சேரும் நேரத்தைக் கணக்கில் எடுக்காவிட்டால் அதைப்போலப் பல மடங்கை டாக்சிக்குக் கொடுத்துவிடுவார்.

இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும். தலைநகரின் விமான நிலையம் தலைநகரில் இல்லை. வடமேற்கே ஆலஹுவேலா என்ற ஊரை ஒட்டி இருக்கிறது. அதன் பெயர் ஹுவான் சான்டமரியா. 1856 ஏப்ரல் 11 அன்று, நிகராகுவாவின் ரிவாஸ் நகரில், வில்லியம் வாக்கர் என்ற அமெரிக்கப் படையெடுப்பாளனின் ஆட்கள் ஒரு பயணியர் சத்திரத்துக்குள் புகுந்துகொண்டு சுட்டார்கள். அந்தச் சத்திரத்துக்குத் தீ வைத்து உயிர் விட்ட முரசுக்காரச் சிப்பாய்தான் சான்டமரியா; ஆலஹுவேலாவில் பிறந்தவர். ஏப்ரல் 11 இன்றும் அந்நாட்டில் தேசிய விடுமுறை. அவருடைய ஊர் பயணிக்குப் பெரிய உதவி. இரவு பத்து மணிக்கு இறங்குகிறவரும், விடியற்காலை ஐந்து மணிக்கு விமானம் ஏறுகிறவரும் சான் ஹோசேக்குள் நுழையவே தேவையில்லை. விமான நிலையத்திலிருந்து மூன்று கிலோமீட்டர் தொலைவில், ஆலஹுவேலாவிலேயே மலிவான விடுதிகள் இருக்கின்றன.

சரி, பகலில் வந்து சேர்ந்து, மறுநாள் நகரத்திலிருந்து பேருந்து பிடிக்கிறவருக்கு எந்தப் பகுதி?

நகர மையத்தின் தெருக் கணக்கு ஒருமுறை புரிந்துவிட்டால் பிறகு மறக்காது. அவெனிடா என்றால் கிழக்கு மேற்காகப் போகும் சாலை. காயே என்றால் வடக்கு தெற்காகப் போகும் தெரு. நடு அவெனிடாவுக்கு வடக்கே எல்லாம் ஒற்றைப்படை எண், தெற்கே இரட்டைப்படை. நடு காயேக்குக் கிழக்கே ஒற்றைப்படை, மேற்கே இரட்டைப்படை. ஆக 7-10 நிலையம் என்றாலே ஏழாம் அவெனிடா, பத்தாம் காயே. வடக்கும் மேற்கும் சேர்ந்த மூலை. ஐந்தாம் காயேயில், பதினெட்டாம் அவெனிடாப் பக்கம் உள்ள டிராகோபா தெற்கே வெகுதூரம் தள்ளி இருக்கிறது. விடுதி விளம்பரத்தில் உள்ள இரண்டு எண்களைப் பார்த்தே, அது எந்த நிலையத்துக்குக் கிட்டே என்று சொல்லிவிடலாம்.

கிட்டே இருப்பது மட்டும் போதாது. 7-10 நிலையத்தைச் சுற்றி, கோகோ கோலா என்று மக்கள் அழைக்கும் பகுதி இருக்கிறது; முன்பு அங்கே அந்தப் பானத்தை பாட்டிலில் அடைக்கும் ஆலை இருந்தது. பகலில் சந்தைக் கூட்டமும் பேருந்துக் கூட்டமுமாக நெரியும். இரவில் பெட்டியோடு நடக்க ஏற்ற இடம் அல்ல என்று உள்ளூர்க்காரர்களே எச்சரிப்பார்கள். நிலையத்துக்கு மிக அருகில், மிக மலிவாக ஓர் அறை கண்ணில் படுகிறதென்றால் காரணம் பெரும்பாலும் இதுதான். அதைவிட, ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் கிழக்கே உள்ள பாரியோ அமோனில் தங்கி, காலையில் சிவப்பு டாக்சியில் நிலையத்துக்குப் போவதே சரி. அந்தக் குறுகிய தூரத்துக்கு ஆகும் சில டாலர் வீண் செலவல்ல.

பாரியோ அமோன் அழகான பேட்டை. 1890-களில் ஒரு பிரெஞ்சுக்காரர் உருவாக்கத் தொடங்கியது. காப்பி ஏற்றுமதியில் பணம் சேர்த்த குடும்பங்கள் அங்கே மாளிகைகள் கட்டின. அவற்றில் பல இன்று சிறிய ஹோட்டல்களாகவும் ஹாஸ்டல்களாகவும் மாறிவிட்டன. உயரமான கூரை, பூவேலை செய்த தரை ஓடு, நடுவில் முற்றம். புகைப்படத்தில் மனதைக் கவரும். ஆனால் அந்த வீடுகளின் உடலமைப்பையும் பயணி அறிந்திருக்க வேண்டும். 1910-இல் பக்கத்து நகரமான கார்டாகோவை நிலநடுக்கம் தரைமட்டமாக்கியது. அதன்பின் சுடாத மண் கல்லால் சுவர் எழுப்பத் தடை வந்தது. மரமும் தகரக் கூரையும் பெருகின. மரச் சுவர் நிலநடுக்கத்துக்குத் தாங்கும். பக்கத்து அறையின் பேச்சை மறைக்காது. தகரத்தில் மழை விழும்போது அறைக்குள் ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்காது. சத்தத்துக்கு விழித்துக்கொள்கிறவர்கள் காதடைப்பான் கொண்டுபோகலாம். முற்றத்தை ஒட்டிய பொது அறையைத் தவிர்த்து உள்ளறையைக் கேட்டு வாங்கலாம்.

இன்னும் கிழக்கே போனால் எஸ்கலான்டே, லோஸ் யோசெஸ், அதற்கும் அப்பால் சான் பெட்ரோ. எஸ்கலான்டே உணவகங்களுக்குப் பெயர் பெற்ற, மாலையிலும் ஆள் நடமாட்டம் உள்ள பகுதி; தனியாக வரும் பெண்களுக்கு ஏற்றது என்று தயங்காமல் சொல்லலாம். ஒரு குறை உண்டு. நகர ரயில் இந்தப் பக்கத்துத் தெருக்களுக்குள்ளேயே ஓடுகிறது. கேட் இல்லாத குறுக்குச் சாலைகள் பல என்பதால் ஓட்டுநர் ஊதிக்கொண்டேதான் வருவார். வேலை நாள்களில் அந்த ஊதல் அதிகாலையிலேயே தொடங்கிவிடும். விடுதி தண்டவாளத்திலிருந்து எத்தனை தெரு தள்ளி என்று வரைபடத்தில் பார்த்துவிட வேண்டும். சான் பெட்ரோ, கோஸ்டா ரிக்கா பல்கலைக்கழகம் இருக்கும் இடம். மாணவர்கள், மலிவான சாப்பாடு, மதுக்கடைகள், நள்ளிரவுப் பாட்டு. இருபது வயதுக்காரருக்குப் பிடிக்கும்; காலை ஆறு மணிப் பேருந்துக்காரருக்குப் பிடிக்காது. மேற்கே லா சபானா பூங்காவை ஒட்டிய பகுதி அமைதியானது. அந்தப் பூங்கா பழைய விமான நிலையம். அதன் முனையக் கட்டடம்தான் இப்போது கோஸ்டா ரிக்கக் கலை அருங்காட்சியகம்.

விடுதியைத் தேர்ந்த பிறகு முகவரி என்ற சிக்கல் வரும். கோஸ்டா ரிக்காவில் மக்கள் தெரு எண்ணைச் சொல்லி வழி காட்டுவதில்லை. "சான்டா தெரெசிட்டா தேவாலயத்திலிருந்து 200 மீட்டர் கிழக்கே, 50 மீட்டர் வடக்கே" என்பார்கள். அந்த நூறு மீட்டர் என்பது ஒரு தெருமுனையிலிருந்து அடுத்த முனை வரை. அளந்து பார்த்த தூரம் அல்ல. அடையாளமாகச் சொல்லும் பொருள் இப்போது இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. சான் பெட்ரோவில் எப்போதோ இல்லாமல் போன ஓர் அத்தி மரத்தைச் சொல்லி இன்றும் வழி காட்டுகிறார்கள். 2012-இல் மாநகராட்சி தெருப் பெயர்ப் பலகைகள் பொருத்தத் தொடங்கியது, பழக்கம் மாறவில்லை. எனவே விடுதிக்கு எழுதும்போது, டாக்சி ஓட்டுநரிடம் காட்டுகிற வகையில் உள்ளூர் பாணியில் முகவரியை அனுப்பச் சொல்லி, தாளில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.

வாடகைக்கு வருவோம். அண்மை ஆண்டுகளில் பொது அறையில் ஒரு படுக்கை பெரும்பாலும் 12 முதல் 20 டாலருக்குள் கிடைக்கிறது. நிகராகுவா வழியாகவோ குவாத்தமாலா வழியாகவோ வருகிறவருக்கு இது கூடுதலாகத் தெரியும். கோஸ்டா ரிக்கா அந்த வட்டாரத்தில் விலை ஏறிய நாடு. 13 சதவீத வரி அந்தத் தொகைக்குள் அடக்கமா, மேலே போடுவார்களா என்று கேட்டுவிட வேண்டும். ஏசி இருக்கிறது என்று கூடுதல் பணம் கேட்டால் கொடுக்கத் தேவையில்லை. நகரம் கடல் மட்டத்துக்கு மேல் 1,100 மீட்டருக்கும் அதிக உயரத்தில் இருக்கிறது. இரவில் போர்வைதான் வேண்டும். அதைவிடச் சமையலறை உள்ள விடுதிக்கு இரண்டு டாலர் கூடக் கொடுப்பது லாபம். புலால் உண்ணாதவர்களுக்கு அது கிட்டத்தட்ட அவசியம். 1880-இல் தொடங்கிய மத்தியச் சந்தையில் காய்கறி வாங்கலாம். அங்கே உள்ள சோடா என்ற சிறு உணவுக்கடைகளில் சோறு, கருப்பு அவரை, பொரித்த வாழைப்பழம், கறியோ மீனோ வைத்து ஒரே தட்டில் மதியச் சாப்பாடு தருவார்கள். கறி வேண்டாம் என்றால் முட்டை வைத்துத் தருகிற கடைகளும் உண்டு.

உள்ளே நுழைந்ததும் பார்க்க வேண்டியவை சில. லாக்கர் பெரும்பாலும் இருக்கும். பூட்டு நம்முடையதாக இருக்க வேண்டும். மெத்தையின் தையல் ஓரத்தைத் தூக்கிப் பார்த்து, மிளகுத் தூள் சிந்தியதைப்போல் கரும்புள்ளிகள் இருந்தால் பையைத் தரையில் வைக்காமலே வேறு அறை கேட்க வேண்டும். அவை மூட்டைப்பூச்சியின் தடயம். குளியலறையில் தண்ணீர் விழும் குமிழிலேயே மின்சாரச் சூடேற்றி பொருத்தியிருப்பார்கள். குழாயை முழுதாகத் திறந்தால் தண்ணீர் குளிர்ந்தே வரும். ஓட்டத்தைக் குறைத்தால் சூடு ஏறும். ஈரக் கையால் அந்தக் குமிழைத் தொடக் கூடாது. கழிவறைக் காகிதம் கூடைக்குள்தான் போக வேண்டும். மின்சாரம் அமெரிக்காவில் உள்ளதுபோல 120 வோல்ட், தட்டை முள் பிளக். இந்தியாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோ வருகிறவரின் கைப்பேசி சார்ஜர் அடாப்டரோடு வேலை செய்யும். வீட்டிலிருந்து எடுத்துப்போன தண்ணீர் சூடாக்கும் கம்பி சரிவரச் சூடேறாது.

பிறர் எழுதிய விமர்சனங்களை எப்படிப் படிப்பது? மொத்த மதிப்பெண் பல ஆண்டுக் கருத்துகளின் சராசரி. ஹாஸ்டல்கள் கைமாறும், மேலாளர் மாறுவார், பக்கத்தில் புதிதாக மதுக்கடை திறப்பார்கள். கடைசி இரண்டு மூன்று மாதத்தில் எழுதியவற்றை மட்டும் படித்தால் போதும். அவற்றிலும் சத்தம், சூடான தண்ணீர், இரவு ஊழியர் என்ற மூன்றைப் பற்றி என்ன சொல்லியிருக்கிறார்கள் என்று தேட வேண்டும். "அருமையான மனிதர்கள்" என்ற பாராட்டு மகிழ்ச்சி தருவது. நள்ளிரவில் மணி அடித்தால் கதவு திறக்க ஆள் உண்டா என்பதற்கு அது விடை ஆகாது.

ஆகையால் பணம் கட்டும் முன் விடுதிக்கே ஒரு செய்தி அனுப்புவது நல்லது. அங்கே வாட்ஸ்அப் எங்கும் புழக்கத்தில் இருக்கிறது. வந்து சேரும் மணி, மறுநாள் பேருந்து கிளம்பும் மணி, இரண்டையும் எழுதி, அதிகாலையில் டாக்சி சொல்லித் தர முடியுமா, பெரிய பெட்டியை ஒரு வாரம் வைத்துவிட்டுப் போகலாமா என்று கேட்கலாம். பதில் எவ்வளவு விரைவாக, எவ்வளவு தெளிவாக வருகிறது என்பதிலேயே அந்த இடம் நடத்தப்படும் விதம் தெரிந்துவிடும். ஈஸ்டருக்கு முந்திய புனித வாரத்தில் போகிறவர் இன்னொரு கேள்வியும் சேர்க்க வேண்டும். அந்த வாரத்தின் வியாழனும் வெள்ளியும் பல பேருந்துகள் ஓடாது, கடைகள் மூடிக்கிடக்கும், ஊரே கடற்கரைக்குப் போயிருக்கும். அந்த நாள்களில் ரிசப்ஷனில் ஆள் இருப்பாரா, சாப்பாட்டுக்கு என்ன வழி என்று முன்கூட்டியே கேட்டு, புதன்கிழமையே அரிசியும் காய்கறியும் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்.